சிரியாதார் யார்?

திருமலை என்றவுடன் வேங்கடத்தை நினைத்துக்கொள்ளும் வாசகர்களுக்கு முதலில் ஒரு சொல். நாம் குறிப்பிடும் திருமலை, ஆரணிக்கும் போளூருக்கும் இடையே வடமாதிமங்கலத்துக்கு அருகில் இருக்கும் ஊர். முதலாம் இராசராசனின் தமக்கையாகிய குந்தவையின் பெயரைத் தாங்கிய சமணக் கோயில் அங்கே உண்டு. மலையில் பாறையிலேயே செதுக்கப்பெற்ற நேமிநாதரின் நெடிய உருவம் நிற்கிறது. ஊருக்குள்ளோ, ஆரணிப் பட்டு என்று பெயர்பெற்ற புடவைகளை நெய்யும் தறிகளின் ஓசை.

அவ்வூரில் தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சில மாதங்களுக்கு முன் சென்றிருந்தோம். கோயிலைக் காண்பதற்காகவோ புடவை எடுப்பதற்காகவோ செல்லவில்லை. எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் மூன்று நாட்களாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறாள் என்று செய்தி வந்தது. அதன் காரணம் நமக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததனாலேயே சென்றோம்.

அச்சிறுமி நம்மிடம் ஒரு குறிப்பேட்டை நீட்டினாள். அதில் அழகிய கையெழுத்தில் ஐந்து ஆங்கிலச் சொற்கள். கில்ஜாய், ஸ்பாயில்ஸ்போர்ட், வெட் பிளாங்கெட், சவர்புஸ், அஜெலாஸ்ட். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் பொருள் எழுதியிருந்தாள். மகிழ்ச்சியைக் கொல்பவர். விளையாட்டைக் கெடுப்பவர். ஈரக் கம்பளி. புளித்த முகத்தார். சிரிக்கவே சிரிக்காதவர். அகராதியிலும் தந்தையின் கைப்பேசியிலும் தேடிச் சேர்த்தவை அவை.

“இதுல நான் எதுங்க ஐயா?” என்று கேட்டாள்.

நம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை. இக்கட்டுரை அவளுக்கு நாம் சொல்ல வேண்டிய விடை. அவளைவிட நமக்கே அது மிகுதியும் தேவை என்பதனால் இங்கே எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். ஒரு பள்ளியின் ஆண்டு விழா. விருந்தினர் வரிசையில் நாமும் இருந்தோம். பாட்டுக்கும் நடனத்துக்கும் இடையே, நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய மாணவன் பலகுரல் பேசினான். நடிகர்களைப் போலப் பேசினான், அரசியலாளரைப் போலப் பேசினான், பிறகு “தறிக்காரர் வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் படித்தால் எப்படி இருக்கும்?” என்று தொடங்கினான். ‘இஸ்கூல்’, ‘இஸ்டேஷன்’ என்று இழுத்து இழுத்துப் படித்துக் காட்டினான். அவன் பார்வை சென்ற திசையில், பாடற்குழுவின் முதல் வரிசையில், இச்சிறுமி நின்றுகொண்டிருந்தாள். முந்தின வாரம் காலை வழிபாட்டில் ஆங்கிலச் செய்தி வாசித்தவள் அவள்தான் என்பது மாணவர் அனைவருக்கும் தெரியும். மண்டபம் அதிரச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்தபின் அழுதாள். “இதுக்குப் போயா அழுவாங்க? உனக்கு ஹியூமர் சென்ஸே இல்ல” என்று அவளிடம் சொல்லப்பட்டது.

இதை எழுதும்போது ஒன்றை மறைத்தால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். அன்று நாமும் சிரித்தோம்.

இப்போது அவளுடைய பட்டியலுக்கு வருவோம். அச்சொற்களைச் சற்று உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மகிழ்ச்சியைக் கொல்பவர் என்றும் விளையாட்டைக் கெடுப்பவர் என்றும் ஒருவரைச் சுட்டுபவர் யார்? மகிழ்ந்துகொண்டிருப்பவர், விளையாடிக்கொண்டிருப்பவர். எரியும் நெருப்பின்மேல் நனைத்த கம்பளியைப் போட்டு அணைப்பது வழக்கம். அதிலிருந்து வந்தது ஈரக் கம்பளி என்னும் வசை. நெருப்பில் குளிர்காய்பவருக்குக் கம்பளி எதிரிதான். ஆனால் அந்நெருப்பில் எரிந்துகொண்டிருப்பது ஒருவருடைய வீடாக இருந்தால்? கம்பளி கொண்டு வருபவரை நாம் வேறு பெயரால் அல்லவா அழைப்போம்! எதிர்ப்புறத்தில் நிற்பவருடைய வழக்கு என்ன என்பதைச் சொல்ல அச்சொற்களுள் ஒன்றிலும் இடமில்லை. சிரிப்பு நன்று, ஆகவே சிரியாதவர் குற்றவாளி. இவ்வளவே அவற்றின் நீதி.

பட்டியலின் ஐந்தாம் சொல் மட்டும் வேறு பிறப்புடையது. சிரிப்பற்றவர் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லைப் பிரெஞ்சு மொழியில் எடுத்தாண்டவர் பிரான்சுவா ரபெலே. துறவியாக வாழ்ந்தவர், குருவானவர், மருத்துவர், ஐரோப்பாவின் பெரும் நகைச்சுவை எழுத்தாளருள் ஒருவர். அவருடைய நூல்களைப் பாரிசு இறையியல் அறிஞர்கள் கண்டித்தனர். 1552இல் தம் நான்காம் நூலுக்கு எழுதிய முகவுரை மடலில், தம்மீது பழி சுமத்தியவர்களுக்கு அவர் இட்ட பெயர்களுள் ஒன்றே ‘அஜெலாஸ்ட்’. 1877இல் இலண்டனில் நகைச்சுவை பற்றிச் சொற்பொழிவாற்றிய ஜார்ஜ் மெரிடித் அச்சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அவர் அத்துடன் நில்லாமல், எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டே இருப்போருக்கும் ஒரு பெயர் சூட்டினார். சிரிக்கவே மாட்டாதவரும் ஓயாமல் சிரிப்பவரும் உண்மையான நகைச்சுவைக்கு ஒருங்கே அயலார் என்பது அவர் கருத்து.

இவ்வரலாறு நமக்கு இன்றியமையாதது. அச்சொல் பிறந்தபோது யாரை நோக்கி எறியப்பட்டது? ஒரு நூலைத் தடைசெய்யவும் எழுதியவரைத் தண்டிக்கவும் வல்லமை பெற்றிருந்தவரை நோக்கி. இன்று அதே வகைச் சொல் ஆரணிப் பக்கத்துத் தறிக்காரரின் மகளை நோக்கி எறியப்படுகிறது. வலியவரைத் தடுக்கச் செய்த கேடயம் எளியவரை அடிக்கும் கோலாயிற்று.

“தமிழில் இதற்கெல்லாம் சொல்லே இல்லை, நம்மவருக்கு நகைச்சுவை உணர்வு குறைவு, ஆகவே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது” என்று கூறும் கற்றறிந்தோர் நம் பங்குகளிலும் உளர். இக்கூற்றை நாம் முற்றிலும் மறுக்கிறோம்.

சிடுமூஞ்சி, உம்மணாமூஞ்சி, முசுடு என்று நம் வீட்டுப் பாட்டிமார் வழங்கும் சொற்கள் ஒருபுறம் இருக்கட்டும். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது நகையை முதலில் வைத்தார். அழுகையை அடுத்து வைத்தார். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பதற்கு உரை கூறும் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதும், பிறரால் எள்ளப்பட்டபோது தானே நகுவதும் என அதனை இரண்டாக விரிக்கிறார். பிறரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. தான் எள்ளப்படும்போது தானும் சேர்ந்து சிரிப்பதே அரிது. இவ்விரண்டையும் ஒரே பெயரின்கீழ் வைத்து எண்ணிப்பார்த்த மொழிக்கா நகையுணர்வு பற்றிய சொல் இல்லை?

திருக்குறளில் பண்புடைமை என்னும் அதிகாரத்தை வாசகர்கள் எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். அதன் ஒன்பதாம் குறள், நகுதல் வல்லர் அல்லாதவருக்கு இப்பேருலகம் பகலிலும் இருளிலேயே கிடக்கும் என்னும் கருத்தினது. நகைச்சுவை மன்றங்களில் பலமுறை கேட்ட குறள்தான். அவ்வதிகாரத்தின் ஐந்தாம் குறள் அங்கே ஒலிப்பதில்லை. விளையாட்டாகச் சிரிக்கும்போதும் பிறரை இகழ்வது துன்பம் தருவது என்பது அதன் கருத்து. இரண்டும் ஒரே அதிகாரத்தில் உள்ளவை; இடையே மூன்று குறள்களே இருக்கின்றன. சிரிக்க மாட்டாதவன் இருளில் இருக்கிறான். இகழ்ந்து சிரிப்பவன் பிறரைத் துன்புறுத்துகிறான். வள்ளுவர் இரண்டையும் பண்பின்மை என்ற ஒரே தட்டில் வைத்து நிறுத்தார். நாமோ ஒன்றை மேடையில் முழங்கி மற்றொன்றை ஏட்டிலேயே விட்டுவிட்டோம்.

நகுதல் வல்லர் என்பதற்குப் பரிமேலழகர் காணும் பொருள், பிறரோடு கலந்து உள்ளம் மகிழ வல்லவர் என்பதாகும். கலத்தல் என்ற சொல்லை உன்னிப்போம். சிரிப்பு மனிதரை மனிதரோடு கலக்க வேண்டும். ஆண்டு விழா மண்டபத்தில் நாம் சிரித்த சிரிப்பு அச்சிறுமியை எவரோடு கலந்தது? எல்லாரிடமிருந்தும் பிரித்து மேடையில் தனியே அல்லவா நிறுத்தியது?

ஹியூமர் என்னும் சொல்லின் வேரும் இதையே பேசுகிறது. இலத்தீனில் அதற்கு ஈரம், நீர்மம் என்று பொருள். உடலில் ஓடும் நால்வகை நீர்மங்களின் அளவே மனிதரின் இயல்பைத் தீர்மானிக்கும் என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினர். அவ்வழியே அச்சொல் இயல்பைக் குறித்து, பின்னர் விந்தையான இயல்பைக் குறித்து, இறுதியில் நகைச்சுவையைக் குறிப்பதாயிற்று. ஈரம் என்றால் தமிழருக்கு அன்பு. நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? அழுபவரைக் கண்டும் இரங்காதவனை. அன்றைய விழாவில் ஈரம் வற்றியிருந்தது அழுத கண்களில் அன்று.

நம் கத்தோலிக்க மரபின் உள்ளே வந்து பார்ப்போம். தமிழ் உரைநடையில் வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் நூல் எது என்றால், ‘பரமார்த்த குருவின் கதை’ என்று பள்ளிச் சிறுவனும் சொல்வான். அதை நமக்கு வழங்கியவர் 1680இல் இத்தாலியில் பிறந்து 1747இல் மறைந்த இயேசு சபைக் குரு வீரமாமுனிவர். ‘தேம்பாவணி’ பாடிய அதே கை, மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களையும் அவர்களுடைய குருவையும் படைத்தது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சிட்டார்.

அக்கதையில் குருவும் சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் எல்லாரும் வந்துவிட்டோமா என்று ஒருவன் எண்ணுகிறான். ஐவர்தாம் இருக்கின்றனர். மறுபடியும் எண்ணுகிறார்கள். மீண்டும் ஐவர். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று ஓலமிடுகிறார்கள். எண்ணியவன் தன்னை எண்ணவில்லை என்பதே அங்கு நேர்ந்த விபத்து. வழிப்போக்கன் ஒருவன் வந்து, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி கொடுத்து, அவரவர் வாயால் அவரவர் பெயரைச் சொல்லச் செய்து, ஆறுபேரும் இருப்பதைக் காட்டுகிறான்.

நகையுணர்வு இல்லாதவர் யார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நாம் அறியோம். தன்னை எண்ண மறந்தவரே அவர். உலகில் உள்ள அறியாமைகளையும் அசட்டுத்தனங்களையும் அவர் ஒன்றுவிடாமல் எண்ணுவார். கூட்டுத்தொகையில் தம்மைச் சேர்க்க மாட்டார். அவர் முகம் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருக்கலாம். துணுக்குகள் அவர் வாயிலிருந்து உதிர்ந்துகொண்டே இருக்கலாம். ஆயினும் முதுகில் அந்த ஓர் அடி விழும்வரை அவருக்கு நகையுணர்வு உண்டா இல்லையா என்று நாம் சொல்ல இயலாது.

வீரமாமுனிவர் பிற சமயக் குருமாரைப் பழிப்பதற்காகவே அக்கதையை எழுதினார் என்பாரும் உண்டு. இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். குரு என்று மக்களால் அழைக்கப்பட்டவர், சீடர் புடைசூழ வாழ்ந்தவர், குருவையும் சீடரையும் பற்றிச் சிரிக்கிறார். இதைப் படித்துவிட்டு, “இது நம்மைப் பற்றியதன்று, மற்றவரைப் பற்றியது” என்று நாம் முடிவுசெய்தால், ஆற்றங்கரையில் நின்று எண்ணியவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

சிறுமியின் பட்டியலில் இருந்த சவர்புஸ் என்னும் சொல், வாசகர்கள் வியக்கக்கூடும், திருத்தந்தை ஒருவரின் ஏட்டிலும் இடம்பெற்றிருக்கிறது. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ என்னும் ஊக்கவுரையின் 85ஆம் எண்ணில், எதிலும் நம்பிக்கை இழந்து முனகிக்கொண்டிருப்போரைக் குறிக்க ஆங்கில மொழிபெயர்ப்பு இச்சொல்லைக் கையாள்கிறது. ஸ்பானிய மொழியில் அது காடி முகத்தார் என்று அமைந்திருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அச்சொல் சந்தையில் நின்ற எவரையும் நோக்கிச் சொல்லப்படவில்லை. நற்செய்திப் பணியில் இருப்போரை, திருச்சபைக்கு உள்ளே இருப்போரை, நம்மை நோக்கிச் சொல்லப்பட்டது. எழுதியவர் தம்மையும் சேர்த்தே எண்ணினார்.

அவரே 2024 சூன் 14 அன்று பல நாட்டு நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்துப் பேசினார். நகைச்சுவையின் சிரிப்பு ஒருபோதும் எவருக்கும் எதிரானதாக இராது. அது எல்லாரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் என்பது அன்று அவர் வலியுறுத்திய கருத்து. 2025 ஏப்ரலில் அவர் மறைந்தார். நல்ல நகையுணர்வை இறைவனிடம் வேண்டும் மன்றாட்டு ஒன்றைத் தாம் நாள்தோறும் செபிப்பதாக அவர் கூறியது பலருக்கு நினைவிருக்கும். அம்மன்றாட்டு புனித தாமஸ் மோரின் பெயரால் வழங்குவது. 1535 சூலை 6 அன்று கொலைமேடையின் ஆடும் படிகளில் ஏறும்போது, ஏறுவதற்கு மட்டும் கைகொடுக்குமாறும் இறங்குவதைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் காவல் அதிகாரியிடம் கூறியவர் அவர். தம் தலையைப் பற்றித்தான் அவர் சிரித்தார். தலையை வெட்ட வந்தவனைப் பற்றி அன்று.

இன்னும் ஒரு காட்சி. அதை எழுதக் கை நடுங்குகிறது. ஆயினும் எழுதாமல் விடுவதற்கில்லை. மத்தேயு நற்செய்தி 27ஆம் அதிகாரத்தில் ஆளுநர் மாளிகையில் படைவீரர்கள் ஒரு நாடகம் நடத்துகிறார்கள். செந்நிற அங்கி உடுத்துகிறார்கள். முள்ளால் முடி செய்கிறார்கள். கையில் ஒரு கோல். முழந்தாளிட்டு அரசே வாழ்க என்கிறார்கள். நடிப்பு என்ற அளவில் பார்த்தால் அது தேர்ந்த பலகுரல் நிகழ்ச்சிதான். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். நடுவில் அமர்த்தப்பட்டவர் சிரிக்கவில்லை. அவருக்கு நகையுணர்வு இல்லை என்று சொல்லத் துணிவோமா?

துணிய மாட்டோம். எனில் அதே சொல்லை ஒரு குழந்தையிடம் எப்படிச் சொன்னோம்?

இங்கே ஒரு தடை எழும். “அப்படியானால் எவரும் எவரையும் கேலி செய்யக் கூடாதா? மனம் புண்பட்டது என்று ஒருவர் சொன்னால் போதுமா? இப்போதே நாட்டில் புண்பட்டோம் என்று கூச்சலிட்டு நாடகத்தையும் நூலையும் தடுப்போர் குறைவா?” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கும் நம்மிடம் ஒரு நிகழ்ச்சியே விடையாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கின் திருவிழாவில் இளைஞர்கள் சிறு நாடகம் ஒன்றை அரங்கேற்றினர். கூட்டம் கூட்டமாகக் கூடி, தேநீர் குடித்து, அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டுக் கலையும் ஒரு பேரவையைப் பற்றியது அது. மக்கள் சிரித்தனர். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் எழுந்தனர். மரியாதை கெட்டுவிட்டது என்றனர். நாடகம் பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு முதல் நாடகமே இல்லை. அப்பெரியவர்களுள் எவரிடமாவது சென்று, “உங்களுக்கு ஹியூமர் சென்ஸ் இல்லை” என்று யாரேனும் சொன்னார்களா? சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. ரபெலேயின் சொல் அவர்களுக்கென்றே செய்தது போலப் பொருந்தியிருக்கும். அவர்களுள் சிலர் ஆண்டு விழா மண்டபத்திலும் நம்மோடு இருந்தனர். தறிக்காரர் பிள்ளையின் ஆங்கிலத்துக்குக் கைதட்டிச் சிரித்தனர்.

ஆகவே புண்பட்டது என்ற சொல்லை மட்டும் கொண்டு எதையும் தீர்க்க இயலாது. புண்பட்டவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். மேடையை நிறுத்த வல்லவர் புண்பட்டால் அவர் சிரிக்கக் கற்றுக்கொள்ளட்டும். அது அவர் ஆன்மாவுக்கு நல்லது. மேடையிலிருந்து இறங்கிப் போகக்கூட வழியில்லாத ஒரு பிள்ளை புண்பட்டால், சிரித்தவர் நிறுத்தக் கற்றுக்கொள்ளட்டும். இரண்டையும் ஒரே சொல்லால் அளப்பது அறிவன்று, நீதியும் அன்று.

மேலும், சிரியாத முகம் எல்லாம் சிடுமுகம் அன்று. அதே திருமலையில் நிற்கும் நேமிநாதரின் முகத்தைப் பார்த்தோம். அதில் சிரிப்பு இல்லை; கடுப்பும் இல்லை. பல நூற்றாண்டுகளாக அவ்வமைதி அங்கே நிற்கிறது. அந்த முகத்துக்குச் சிறுமியின் ஐந்து சொற்களுள் ஒன்றையும் நம்மால் பொருத்த முடியவில்லை.

இனி, அன்று அந்த இல்லத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். அவளுடைய கேள்விக்கு விடை தெரியாமல் திகைத்த நாம், பேச்சை மாற்றும் பொருட்டுத் தறியைப் பார்க்க எழுந்தோம். குழித்தறி. நெய்பவர் குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்து மிதிக்க வேண்டும். வெளிச்சத்திலிருந்து வந்த கண்களுக்குக் குழி தெரியவில்லை. ஒரு கால் உள்ளே இறங்கிவிட்டது. நிலைதடுமாறி, கண்ணாடி ஒருபுறமும் கையிலிருந்த குறிப்பேடு ஒருபுறமுமாகச் சரிந்தோம். நண்பர் பதறி ஓடிவந்தார். அச்சிறுமி கலகலவென்று சிரித்தாள்.

மூன்று நாட்களாகப் பேசாதிருந்த பிள்ளை சிரிக்கிறாளே என்ற மகிழ்ச்சி நமக்கு முதலில் எழவில்லை. முதலில் எழுந்தது சினம். பெரியவர் விழுந்தால் சிரிப்பதா என்று வாய்வரை வந்துவிட்டது. முதுகில் அந்த அடி விழுந்தது அப்போதுதான். அவள் கொண்டுவந்த பட்டியலில் எவருடைய பெயரை எழுத வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எழுந்து அமர்ந்தபின், ஆண்டு விழாவில் நாமும் சிரித்ததைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிறிதுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பரவால்லைங்க ஐயா. இப்ப நானும் சிரிச்சிட்டேன்ல? கணக்கு சரியாப் போச்சு” என்றாள்.

நகையுணர்வு இல்லை என்று தீர்ப்பளிக்கப்பட்ட பிள்ளையின் விடை அது. ஆனால் அவள் பெருந்தன்மையை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. கணக்கு சரியாகவில்லை. நம் வீழ்ச்சியைக் கண்டவர் இருவர். கைகொடுத்துத் தூக்கியவர் உடனே வந்தார். அவள் அழுததைக் கண்டவர் ஒரு மண்டபம் நிறைய இருந்தனர். ஒருவரும் எழுந்து செல்லவில்லை.

ஆதலால் நம் பள்ளிகளை நடத்துவோரிடமும், நம் பங்குகளில் மேடை அமைப்போரிடமும், முன்வரிசையில் அமரும் நம் போன்றோரிடமும் மூன்றைக் கேட்கிறோம். ஒரு பிள்ளையின் பேச்சு, நிறம், பெற்றோரின் தொழில், சாதி ஆகியவற்றை மேடையில் கேலிப்பொருள் ஆக்காதீர்கள். இளைஞர்கள் உங்களைப் பற்றி நாடகம் போட்டால் முன்வரிசையிலிருந்து எழாதீர்கள். முடிந்தால் உரக்கச் சிரியுங்கள். தவறு ஒரு மேடையில் நடந்திருந்தால், தனியறையில் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போகாதீர்கள். அதே மேடையில், அதே கூட்டத்தின் முன் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் நமக்கு அழைப்பு வரும். அன்று நமக்குப் பேசச் சில நிமிடங்கள் தருவார்கள். அதில் நாம் முதலில் சொல்லப்போவது இதுதான்: சென்ற ஆண்டு இவ்விடத்தில் நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம், அதில் எங்களை எண்ண மறந்துவிட்டோம்.